எட்டு கேமரா இருந்தும் ஒரு முகம் கிடைக்கவில்லை: தண்டையார்பேட்டைக் குடியிருப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் தெருக்களில் ஒன்றில் அந்தக் குடியிருப்பு இருக்கிறது. தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்துமிடம், அதற்கு மேல் மூன்று மாடி, மொத்தம் 24 வீடு. முன்னால் ஒரே கேட். பக்கவாட்டில் ஓர் ஆள் நுழையும் அகலத்தில் ஒரு சந்து. அது பின்னால் இருக்கும் சம்ப்புக்கும் மோட்டார் ரூமுக்கும் போகிறது. குடியிருப்பவர்களில் பலருக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை வைத்துத்தான் பிழைப்பு. படகில் பங்கு வைத்திருப்பவர்கள், ஐஸ் வியாபாரம் செய்பவர், ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் பெண்கள். ராத்திரி இரண்டு மணிக்கே கேட் திறக்கத் தொடங்கிவிடும். நள்ளிரவுக்குப் பிறகு அசைவதெல்லாம் சந்தேகத்துக்குரியது என்ற கணக்கு இந்தக் கட்டடத்தில் செல்லாது. பிறகு விளக்கு எது, எங்கே என்று முடிவு செய்தபோது பாதி விஷயத்தை இதுதான் தீர்மானித்தது.

ஏ.கே.விசுவநாதன் சென்னைக் காவல் ஆணையராக இருந்த 2017-20 காலத்தில் ‘மூன்றாவது கண்’ திட்டம் நகரம் முழுக்கப் பரவியது. 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்று காவல்துறை கேட்டுக்கொண்டது. கடைக்காரர்களும் குடியிருப்புச் சங்கங்களும் பணம் போட்டுக் கேமரா வைத்தார்கள். வடசென்னையில் இன்று தெருவுக்குத் தெரு தொங்கும் கேமராக்களில் கணிசமானவை அந்தச் சமயத்தில் வந்தவை. இந்தக் குடியிருப்பின் எட்டு அனலாக் கேமராக்களும் அப்படித்தான். கூடவே எட்டு சேனல் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டி, ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க். பகலில் படம் பரவாயில்லை. ராத்திரியில் எப்படி இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

பார்க்கவேண்டிய நாள் ஒரு பைக் காணாமல் போனபோது வந்தது. பதிவில் விடியற்காலை மூன்று மணிக்குச் சற்று முன்பு ஒருவர் நடந்து வருகிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. சட்டை சாம்பல் நிறமாகத் தெரிகிறது. உண்மையில் அது என்ன நிறமாகவும் இருந்திருக்கலாம். பைக்கைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது நம்பர் பிளேட் ஒரு சின்ன வெள்ளைக் கட்டியாக எரிகிறது, ஓர் எழுத்துகூட இல்லை. பெட்டிக்கடையில் இருந்த கேமராவோடு ஒப்பிடலாம் என்றால் டிவிஆரின் கடிகாரம் 17 நிமிடம் பின்தங்கியிருந்தது. பென் டிரைவில் வாங்கிப் பார்த்த காவலர், “இதை வச்சு யாரைன்னு தேடறது சார்?” என்று குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரியிடம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

சங்கம் ஒரு கொட்டேஷன் வாங்கியது: எட்டு கேமராவையும் கழற்றிவிட்டு எட்டு 4கே (8 மெகாபிக்சல்) கேமரா. விளக்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் காகிதத்தோடு செக்ரட்டரி சிசிடிவி வேலை செய்யும் என்னிடம் வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் எழுதி வைத்துக் கேட்பவர். இரண்டாவது கருத்து வேண்டும் என்றார்.

நான் அவரிடம் சொன்னது இதுதான். கேமரா பதிவு செய்வது வெளிச்சத்தை. ஒரே அளவுச் சென்சாரில் 2 மெகாபிக்சலுக்குப் பதில் 8 மெகாபிக்சலை அடைத்தால் ஒவ்வொரு பிக்சலின் பரப்பும் கால்வாசியாகும். அதற்குள் விழும் வெளிச்சமும் கால்வாசிதான். வெயிலில் 4கே பிரமாதமாக இருக்கும். இருட்டில், சென்சாரும் லென்ஸும் சாதாரணமாக இருந்தால், 2 மெகாபிக்சலைவிட மோசமாகக்கூட வரும். அதனால் முதலில் எந்த இடத்தில் எதைப் பார்த்தாக வேண்டும் என்று முடிவு செய்வோம், அடுத்து அந்த இடத்துக்கு வெளிச்சம், கடைசியாகக் கேமரா.

ராத்திரியில் பார்த்தது

சிசிடிவி சர்வே என்றால் பெரும்பாலும் பகலில் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போவதுதான் வழக்கம். ராத்திரி வேலைக்கு வைக்கிற கேமராவை ராத்திரியில்தான் பார்க்க வேண்டும். கடைகள் மூடிய பிறகு போய், டிவிஆர் திரையில் ஒவ்வொரு கேமராவாகப் பார்த்து, அதன் கீழே ஆளை நிற்க வைத்துப் பதிவையும் பார்த்தோம்.

கேட் கேமரா முதல் மாடி சன்ஷேடுக்குக் கீழே, தரையிலிருந்து நாலரை மீட்டர் உயரத்தில். அவ்வளவு உயரத்திலிருந்து கீழே பார்த்தால் உச்சந்தலையும் நெற்றியும்தான் கிடைக்கும். தொப்பி போட்டிருந்தால் அதுவும் இல்லை. கேமராவின் ஐஆர் (இருட்டில் படம் எடுக்க உதவும் அகச்சிவப்பு) வெளிச்சம் பக்கத்து சன்ஷேடில் பட்டுத் திரும்பிக் கண்ணாடிக்குள்ளேயே விழுந்தது. படத்தின் மேல் மூலை வெள்ளையாக எரிய, கேமரா தன் வெளிச்ச அளவைக் குறைத்துக்கொள்ள, கேட் இருக்கும் நடுப்பகுதி இருண்டது. லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை வேறு. ஐஆர் எல்.ஈ.டி.யைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். லென்ஸுக்கு இரண்டு அங்குலத்தில் இருக்கும் ஓர் இழை ஐஆரில் கயிறு தடிமனுக்குத் தெரியும்.

வண்டி நிறுத்துமிடத்தில் இருந்த கேமராவின் நோய் வேறு. இருட்டியதும் படம் வரும், போகும், வரும். கேமரா கெட்டுவிட்டது என்று ஏற்கெனவே ஒரு முறை புதிது மாற்றியிருக்கிறார்கள். புதியதும் அதையே செய்தது. மல்டிமீட்டரைக் கேமரா முனையில் வைத்தோம். பகல் நிலையில் 11.3 வோல்ட். உள்ளங்கையால் சென்சாரை மூடி ஐஆரை எரிய வைத்ததும் 9-க்குக் கீழே இறங்கி, கேமரா அணைந்தது. அணைந்ததும் சுமை குறைந்து வோல்ட் ஏறும், மறுபடி எழும், ஐஆர் எரியும், மறுபடி அணையும். ராத்திரி முழுக்க இதே கூத்து. கணக்குப் போட்டால் காரணம் புரியும்: 0.5 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்புக் கம்பியே 60 மீட்டர் தூரத்துக்குப் போக வர 120 மீட்டர் என்றால் சுமார் 4 ஓம். அரை ஆம்பியர் இழுத்தால் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். இங்கே இழுத்திருந்தது அதைவிட மெலிதான, அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு போட்ட கம்பி.

பின்பக்கம் போகும் சந்தின் டோம் கேமரா பால் ஊற்றியதுபோல் மங்கியிருந்தது. வெயிலில் மூடி மஞ்சளித்து, உப்புக் காற்றில் மேற்பரப்பு பூத்திருந்தது. உள்ளே லென்ஸைச் சுற்றி இருக்க வேண்டிய ஸ்பாஞ்சு வளையம் பொடிந்து, ஐஆர் மூடிக்குள்ளேயே பரவியது. கேபிள் முனையில் இருக்கும் பிஎன்சி இணைப்புகளை இன்சுலேஷன் டேப் சுற்றிச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது நடு ஊசி பச்சைப் பாசிபோல் களிம்பேறியிருந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் கட்டடத்தில் டேப் பாதுகாப்பே இல்லை. வடசென்னையில் வேலை செய்யும் எவரும் இதை ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள்.

மாடிப்படிக் கேமரா மட்டும் நன்றாக இருந்தது. அதே பழைய கேமரா, அதே ஒயர். படிக்கட்டில் ராத்திரி முழுக்க ஒரு எல்.ஈ.டி. ட்யூப் லைட் எரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். செக்ரட்டரிக்கு நான் விளக்க வேண்டிய பாதி வேலையை அந்தப் படம் செய்துவிட்டது.

எந்த இடத்தில் எத்தனை பிக்சல்

படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பதுதான் இங்கே அளவுகோல். சிசிடிவிக்கான ஐஈசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பில், முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். தெரிந்தவர்தானா என்று சொல்ல 125. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் 25. பழைய பதிவு 704க்கு 576. கேட் கேமரா ஏறத்தாழ 10 மீட்டர் அகலத்தைப் பார்த்தது. மீட்டருக்கு 70. முகத்தின் அகலம் சுமார் 16 செ.மீ., ஆகவே முகம் முழுக்க 11 பிக்சல். எந்த மென்பொருளில் ஜூம் செய்தாலும் அந்த 11 தான்.

இதை வைத்துக் குடியிருப்பின் வரைபடத்தில் வட்டம் போட்டோம். முகம் அடையாளம் தெரிய வேண்டிய இடம் கேட்டும் மாடிப்படி அடியும். பிளேட் படிக்க வேண்டிய இடம் கேட் மட்டும். வண்டி நிறுத்துமிடத்தில் யார் எந்த வண்டியைத் தொட்டார்கள் என்று தெரிந்தால் போதும். மொட்டை மாடியிலும் மோட்டார் ரூமிலும் ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும். எல்லா இடத்துக்கும் 4கே என்ற யோசனை இந்த வரைபடத்தோடு முடிந்தது.

இன்னொரு குறையும் அப்போதுதான் கண்ணில் பட்டது. கட்டடத்திலிருந்து கேட்டைப் பார்க்கும் கேமராவில் உள்ளே வருபவர் முகம் கிடைக்கும், வெளியே போகிறவரின் முதுகுதான் கிடைக்கும். திருடியவர் வெளியே போகும்போதுதானே கையில் வண்டி இருக்கும்? அதனால் கேட் தூணிலிருந்து உள்நோக்கிப் பார்க்கும் ஒரு கேமரா கூடுதலாக வேண்டும். பிளேட்டுக்கென்று தனிக் கேமரா ஒன்று. ஆக எட்டு பத்தானது.

வெளிச்சம்

அதிக நேரம் இதற்குத்தான் செலவிட்டோம். கேட்டின் மேல் ஏற்கெனவே 100 வாட் ஃபோகஸ் லைட் ஒன்று தெருவைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய விளக்கு இருந்தும் முகம் ஏன் தெரியவில்லை? வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரைத் தரையில் படுக்க வைத்து அளந்தால் 9 லக்ஸ். அதையே முக உயரத்தில் செங்குத்தாக, கேமராவைப் பார்த்தபடி பிடித்தால் 2-கூட வரவில்லை. முகம் நிற்கிற பரப்பு, கிடக்கிற பரப்பு இல்லை. தலைக்கு நேர் மேலே இருந்தும் பின்னாலிருந்தும் வரும் வெளிச்சம் தரையை நன்றாகக் காட்டும், கண்குழியைக் கறுப்பாக்கும். தெருவிளக்கும் அப்படித்தான்; அது சாலைக்காகப் போட்டது. எதிர்வீட்டுக்காரர்களோ அந்த ஃபோகஸ் லைட் தங்கள் படுக்கையறையில் அடிக்கிறது என்று பல காலமாகச் சண்டை.

அதைக் கழற்றினோம். அதற்குப் பதில் 20 வாட் எல்.ஈ.டி. இரண்டு, கேட்டுக்கு உள்பக்கம் இரண்டு ஓரங்களிலும், சுமார் மூன்று மீட்டர் உயரத்தில், வருகிறவர் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து தொடும்படி. இரண்டு பக்கமும் இருப்பதால் ஒன்று உண்டாக்கும் நிழலை மற்றது நிரப்பும். வெளிச்சம் கேட்டோடு நிற்கும்படி மேலே ஒரு தகட்டு மறைப்பு. இப்போது முக உயரத்தில் 15 லக்ஸ். தெருவில் நடப்பவருக்குக் கண் கூசவில்லை, எதிர்வீட்டுச் சண்டையும் தீர்ந்தது. மின்சாரம் மாதம் 36 யூனிட் போன இடத்தில் 15 யூனிட்டுக்குள் முடிகிறது.

நிறம் எது என்பதற்குக் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. பளிச்சென்று 6500 கெல்வின் வெள்ளை போட்டால்தான் நன்றாகத் தெரியும் என்று சிலர் நினைத்தார்கள். நான் மஞ்சள் சாய்ந்த 3000 கெல்வின் கேட்டேன். மூன்று காரணம். நீலம் கலந்த வெள்ளைக்குப் பூச்சி அதிகம் வரும்; வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் ஈசல் கிளம்பினால் கேமராவில் பனிப்புயல் அடிப்பதுபோல் ஆகிவிடும், மோஷன் அலாரம் போனில் ஓயாமல் அடிக்கும். இரண்டாவது, இரவு முழுக்க எரியும் விளக்கு, அதன் பக்கத்தில் மனிதர்கள் தூங்குகிறார்கள். மூன்றாவது, நிறத்தைச் சரியாகக் காட்டுவதற்கு கெல்வினைவிட சிஆர்ஐ, அதாவது விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற எண், முக்கியம். 80-க்கு மேல் சிஆர்ஐ உள்ள 3000 கெல்வின் விளக்கில் சிவப்புச் சட்டை சிவப்பாகவே பதிவாகும்.

நிறம் தெரிவது பெரிய விஷயம். ஐஆரில் எல்லாமே கறுப்பு வெள்ளை. அதிலும் கறுப்பு பாலியஸ்டர் சட்டை பல நேரம் வெளிறித் தெரியும். “வெள்ளைச் சட்டை போட்டவன்” என்று ஆளைத் தேட ஆரம்பித்தால் தவறான ஒருவரைப் பிடிக்கும் ஆபத்து உண்டு. வெளிச்சத்தில் எடுத்த வண்ணப் பதிவில் நீல லுங்கி, பச்சைப் பை என்று சொல்லலாம்.

ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கு போடலாமே என்று செக்ரட்டரி கேட்டார். வேறு இடமாக இருந்தால் நானே அதைச் சொல்லியிருப்பேன். இங்கே இரண்டு மணியிலிருந்து கூடையும் ஐஸ் பெட்டியுமாக ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். விளக்கு எரிந்து அணைந்து எரிந்து அணைந்து தூங்குபவர்களைப் படுத்தும். ஒவ்வொரு முறையும் கேமரா கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறும் ஓரிரு வினாடிகளில் படமும் தடுமாறும். மிதமான, நிலையான வெளிச்சம்தான் இந்தக் கட்டடத்துக்குச் சரி.

வண்டி நிறுத்துமிடத்தில் ஒரே பெரிய விளக்கு வைத்தால் ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் ஓர் ஆள் ஒளியும் அளவுக்கு நிழல் விழும். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசி. ஆறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் பைக்குக்குக் கிடைப்பது மூன்று மீட்டரில் இருக்கும் பைக்குக்குக் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்குதான். அதனால் 20 வாட் ட்யூப் நான்கை விட்டு விட்டுப் போட்டோம். வெளிச்சம் குறைவு, ஆனால் சீராக இருக்கிறது. விலை மலிவான எல்.ஈ.டி. டிரைவர்களில் மினுக்கல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். வாங்குவதற்கு முன் போன் கேமராவில் ஸ்லோமோஷன் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். எல்லாக் கேமராவிலும் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸ் என்று வைத்தோம். 60 என்று அமைந்தே வரும் கேமராக்கள் சந்தையில் நிறைய உண்டு, அதை மாற்றாமல் விட்டால் நம் ஊர் மின்சாரத்தில் படம் நடுங்கும்.

பின்பக்கம் போகும் சந்துக்கு மட்டும் விளக்கு போடவில்லை. அங்கே தரைத்தள ஜன்னல்கள் பக்கத்துக் கட்டடத்துடையவை. ஐஆர் போதும் என்று விட்டோம், ஆனால் கேமராவிலேயே ஐஆர் இல்லாமல், கேமராவிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளித் தனி ஐஆர் விளக்கு. பூச்சியும் ஒட்டடையும் விளக்கிடம் போகும், லென்ஸுக்கு முன்னால் வராது.

“பெட்டியிலேயே ஐஆர் 30 மீட்டர்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்குங்க தனி விளக்கு?” என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்டார். பலரும் கேட்கும் கேள்வி. 30 மீட்டரில் ஏதோ அசைகிறது என்று தெரியும், அது யார் என்று தெரியாது.

கேமராவும் ஒயரும்

படிக்கட்டு, மொட்டை மாடி, மோட்டார் ரூம் போன்ற ஆறு இடங்களுக்குப் பழைய கோஆக்ஸ் கேபிளையே வைத்துக்கொண்டோம். 1080பி படத்தை அனலாக் எச்டி முறையில் அதே கேபிளில் அனுப்பலாம்; நல்ல ஆர்ஜி59 கேபிளில் 300 மீட்டர் வரைகூடப் போகும், இங்கே அதிகபட்சம் 70. எல்லா பிஎன்சியையும் வெட்டிப் புதிதாகப் போட்டு, ஜங்ஷன் பாக்ஸுக்குள் அடைத்தோம். மின்சாரத்துக்கு மட்டும் தடிமனான செம்பு ஒயர் புதிதாக. கேட்டைச் சுற்றிய நான்கும் நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி கேமரா. கேட்6 கேபிளிலேயே மின்சாரமும் போகும் பிஓஈ, 100 மீட்டருக்குள். இரண்டு வகையையும் ஏற்கும் ரெக்கார்டர் ஒன்று.

கேட் கேமராவுக்கு 4 மெகாபிக்சல் போதும். பணத்தைப் பிக்சலில் போடாமல் பெரிய 1/1.8 அங்குலச் சென்சாரிலும் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப்1.0 லென்ஸிலும் போட்டோம். எட்டு மீட்டர் அகலத்தைப் பார்க்கிறது: 2560-ஐ எட்டால் வகுத்தால் மீட்டருக்கு 320. உயரத்தை நாலரையிலிருந்து 2.6 மீட்டருக்கு இறக்கினோம். கைக்கு எட்டிவிடுமே என்ற பயம் நியாயம்தான், அதனால் உடைக்கக் கடினமான ஐகே10 கூடு.

நம்பர் பிளேட் கேமராவைத் தனியாக வைப்பதன் காரணத்தை எல்லோருக்கும் விளக்க வேண்டியிருந்தது. ராத்திரியில் சாதாரணக் கேமரா ஷட்டரை 1/25 வினாடி திறந்து வைக்கிறது. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வெளியேறும் பைக் அதற்குள் 11 செ.மீ. நகர்ந்துவிடும், பிளேட்டே 20 செ.மீ. அகலம்தான். 1/500 வைத்தால் நகர்வு அரை சென்டிமீட்டர்தான். ஆனால் அந்த வேகத்தில் முகம் இருட்டாகிவிடும். இரண்டையும் ஒரே கேமரா செய்யாது. 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் எல்லாம் உயர் பாதுகாப்புப் பிளேட்; அது வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். பழைய பதிவில் வெள்ளைக் கட்டியாக எரிந்தது இதனால்தான். வேகமான ஷட்டரில் அதே குணம் உதவிக்கு வருகிறது: ஐஆரில் சுற்றிலும் கும்மிருட்டு, பிளேட் மட்டும் தெளிவாக நிற்கிறது. 12 மி.மீ. லென்ஸில் மூன்றரை மீட்டர் கேட் அகலம் முழுப் படத்தையும் நிரப்புகிறது, பிளேட்டுக்கு 110 பிக்சல். இந்தக் கேமராவின் படம் கறுப்பாகத்தான் இருக்கும், கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம் என்று வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்காமல், நேரிலேயே பைக் ஓட்டிக் காட்டினோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வாட்ச்மேன் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. டிவிஆர் அலமாரி மேல்தட்டில் இருந்ததால் தப்பியது. இந்த முறை ரெக்கார்டரை முதல் மாடியில் பூட்டு போட்ட இரும்புப் பெட்டிக்கு மாற்றினோம். இன்வெர்ட்டரில் கேமராக்களோடு கேட் விளக்கு இரண்டையும் சேர்த்தோம். கரண்ட் போனால் கேமரா மட்டும் ஓடி விளக்கு அணைந்துவிட்டால் அது பார்ப்பது இருட்டைத்தான். கிளாம்பு, ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துத்தநாகம் பூசிய ஜிஐ இந்தக் காற்றுக்குத் தாங்காது.

யார் பார்க்கலாம்

பழைய அமைப்பில் போன் ஆப்பின் பாஸ்வேர்டு 24 வீட்டுக்கும் தெரியும், அதுவும் பெட்டியோடு வந்த அதே பாஸ்வேர்டு. 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கப் பல லட்சம் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகள் வழியாகத்தான். புதிய அமைப்பிலும் எல்லோருக்கும் பார்க்கும் வசதி வேண்டும் என்று கூட்டத்தில் பெரும்பான்மை பேசியது. அப்போது முதல் மாடியில் இருக்கும், ஏலத்துக்குப் போகும் அக்கா எழுந்து, “தம்பி, நான் ரெண்டரைக்குப் போறேன், ஒன்பதுக்கு வரேன். அது எல்லார் போன்லயும் தெரியணுமா? வீட்ல பொண்ணு தனியா இருக்கா” என்றார். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கும் அந்தக் கூட்டத்தில் கேட்டவற்றில் மிக முக்கியமான பேச்சு அதுதான்.

இப்போது நேரடிப் படம் செக்ரட்டரிக்கும் பொருளாளருக்கும் மட்டும். கேட் படம் மட்டும் வாட்ச்மேன் அறைத் திரையில். பழைய பதிவைப் பார்க்க வேண்டுமானால் இருவரும் சேர்ந்து, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகு. படிக்கட்டுக் கேமரா வீட்டு வாசல்களைப் பார்க்காதபடி திருப்பினோம். எதிர்வீட்டு ஜன்னல் விழும் இடத்தைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்தோம். கேட்டில் கேமரா இருப்பதைச் சொல்லும் பலகை வைத்தோம்.

பதிவும் சான்றும்

ஒரு கேமராவுக்கு வினாடிக்குச் சராசரி 3 மெகாபிட் என்றால் நாளுக்கு 32 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். பத்துக்கும் சேர்த்து 324 ஜிபி. 8 டெராபைட்டில் 24 நாள் நிற்கும். இதில் எதிர்பாராத ஆதாயம் ஒன்று: இருட்டுப் படத்தில் துகள் துகளாக ஓடும் இரைச்சலையும் ரெக்கார்டர் அசைவு என்றே எடுத்துக்கொண்டு இடத்தைத் தின்னும். விளக்கு போட்ட பிறகு கேட் கேமராவின் இரவு நேரப் பதிவு அளவு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

கடிகாரம் இப்போது இணையத்திலிருந்து தானாகச் சரிசெய்துகொள்கிறது. நீதிமன்றம் வரை போனால் நேரம் முக்கியம், சான்றிதழும் முக்கியம். 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுத்தால் அதற்கான சான்றிதழ் கட்டாயம் என்று உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவில் அந்தச் சான்றிதழ் இரண்டு பகுதி: சாதனத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒன்று, நிபுணர் ஒன்று. கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை விட்டுவிட்டு, மூலக் கோப்பை எப்படி எடுப்பது என்று செக்ரட்டரிக்குச் செய்து காட்டினோம். அவர் ஒவ்வொரு படியையும் எழுதிக்கொண்டார்.

சோதனை

வேலை முடிந்ததாகக் கையெழுத்து வாங்கும் முன் ராத்திரி இரண்டு மணிக்குச் சோதனை நடந்தது. இரண்டாம் மாடிப் பையன் ஒருவனைத் தொப்பியோடு, முகக்கவசத்தோடு, ஹெல்மெட்டோடு என்று கேட்டில் நடக்க வைத்தோம். அப்புறம் ஹெட்லைட் எரிய பைக்கில் வெளியே போகச் சொன்னோம். பார்த்தது நேரடிப் படத்தை இல்லை. பதிவை எடுத்து, காகிதத்தில் அச்சடித்து, அவனைத் தெரியாத ஒருவரிடம் காட்டினோம். நேரடிப் படம் நன்றாக இருந்து பதிவு மோசமாக இருப்பது சகஜம். முதல் அச்சில் நடக்கும் ஆளுக்குப் பின்னால் மங்கலாக வால் போல் ஒரு நிழல் இழுத்தது. இரைச்சல் குறைப்பு அளவு அதிகமாக இருந்ததுதான் காரணம்; இறக்கியதும் போனது. தொப்பியோடு முகம் தெரிந்தது. முகக்கவசத்தோடு கண்ணும் நெற்றியும். கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட்டோடு ஒன்றும் இல்லை, ஆனால் பிளேட் முழுதாகக் கிடைத்தது.

சில மாதம் கழித்து ஐஸ் பெட்டி ஏற்றிய லோடு வண்டி ஒன்று விடியற்காலையில் பின்னால் எடுக்கும்போது கேட்டை வளைத்துவிட்டுப் போய்விட்டது. பிளேட் எண்ணோடும் நேரத்தோடும் அச்சடித்த படம் செக்ரட்டரி கையில் காலை எட்டு மணிக்கே இருந்தது. வண்டி உரிமையாளர் நேரில் வந்து வெல்டிங் செலவைக் கொடுத்தார். முழுச் செலவில் விளக்குக்கும் அதன் ஒயரிங்குக்கும் போனது ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

தீராதவையும் இருக்கின்றன. கனமழையில் பிளேட் கேமரா தடுமாறுகிறது. பக்கத்துத் தையற்கடையின் தார்ப்பாய் காற்றுக்கு இறங்கினால் கேட் ஓரத்தில் ஒரு விளக்கை மறைக்கிறது. லென்ஸில் படியும் உப்பை வாட்ச்மேன் அண்ணன் பதினைந்து நாளுக்கு ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் துடைக்கிறார், சோப்பு கிடையாது. செக்ரட்டரி மாதம் ஒரு முறை முந்தின இரவின் மூன்று மணிப் பதிவை எல்லாக் கேமராவிலும் ஓட்டிப் பார்த்து நோட்டில் குறிக்கிறார். தெருமுனை வரைக்கும் இதே மாதிரி செய்து தரச் சொல்லிக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். அங்கே இருக்கும் கம்பம் மாநகராட்சியுடையது, விளக்கு பல நாளாக எரியவில்லை. மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிவு செய்து புகார் எண் வாங்கியிருக்கிறார்கள், அது எரிந்த பிறகு ஒரு ராத்திரி போய் அளக்க வேண்டும்.